சிலையின் முதுகு

(கும்பகோணத்தில் இளம் எழுத்தாளர் முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



முகாம் தொடங்குவதற்கு முன் உங்களிடம் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். கதை எழுதுவது எப்படி, உரையாடல் எழுதுவது எப்படி என்று சில சீட்டுகள். மற்றதெல்லாம் ஒரே கேள்வி. கையெழுத்துதான் வேறு வேறு. "எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை. படித்தவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு எதற்கு எழுத வேண்டும்?"

இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான். பாராட்டு வராத நாளிலும் கை எப்படி வேலை செய்யும்? கைதட்டல் கேட்காத இடத்தில் மனம் எப்படிச் சோராமல் இருக்கும்?

உங்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள். அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் ஒரு செப்புத்திருமேனி நிற்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது, முதலாம் இராசராசன் காலம். மண்ணுக்குள் புதைந்து கிடந்து கடந்த நூற்றாண்டில் வெளியே வந்தது. ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து, கால் மாற்றி, ஒய்யாரமாக நிற்கிறார் இறைவன். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கை வளைந்திருக்கும் விதத்திலேயே காளை நமக்குத் தெரிகிறது.

எல்லோரும் முன்னால் நின்று பார்க்கிறார்கள். நீங்கள் அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். நேரில் முடியாவிட்டால் படத்திலாவது பாருங்கள். தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிய சடையில் ஒவ்வொரு புரியும் தனித்தனியாகத் தெரியும். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் வழவழப்பு, இடுப்பாடையின் ஒழுங்கு, எதிலும் அவசரம் இல்லை. எதிலும் 'இது போதும்' என்கிற அலுப்பு இல்லை.

இப்போது யோசியுங்கள். இது உற்சவத் திருமேனி. வீதியில் எழுந்தருளும்போது எப்படி இருந்திருக்கும்? பட்டு சாத்தி, நகை சாத்தி, மாலை சாத்தி, கூட்டத்தின் கண்ணுக்குத் திருமுகமும் திருக்கரமும்தான் தெரியும். முதுகை யார் பார்த்தார்கள்? அபிஷேகம் செய்யும் அர்ச்சகர் ஒருவர் பார்த்திருக்கலாம். ஊர் பார்க்கவில்லை. அரசன் பார்க்கவில்லை. பின் யாருக்காக அந்தச் சடையை இத்தனை நுணுக்கமாகச் செய்தார் அந்தக் கலைஞர்? அவர் பெயராவது நமக்குத் தெரியுமா? செய்வித்தவர்களைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசுகின்றன. செய்தவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

பக்தி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் தொழிலுக்குள்ளேயே இன்னொரு பதில் இருக்கிறது. அதை நான் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சுவாமிமலையில், ஒரு பட்டறையில் கேட்டேன்.

பெரியவர் ஒருவர் மெழுகு உருவம் பிடித்துக்கொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. பக்கத்தில் கணப்புச் சட்டி. கருவியை லேசாகச் சூடுகாட்டுவார், மெழுகில் இழுப்பார், தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி சூடுகாட்டுவார். மடித்த ஓலை ஒன்று மடியில் கிடந்தது. அவர்கள் அதை ஒடியோலை என்பார்கள். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து வைத்துக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று அந்த மடிப்புதான் அளவு சொல்லும்.

அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்தது ஓர் அம்மனின் முதுகு. நெடுநேரம் முதுகிலேயே இருந்தார். நான் கேட்டேன், "ஐயா, அலங்காரம் பண்ணிட்டா இது வெளியே தெரியாதே?" அவர் கருவியை நிறுத்தவில்லை. "பின்பக்கம் சரியா விழலேன்னா முன்பக்கம் நிக்காதுங்க. இடுப்பு ஒடிவு இங்கேருந்துதான் கிளம்புது. இங்கே பிசகினா முகத்துல சிரிப்பு வராது" என்றார்.

பக்கத்துத் திண்ணையில் இன்னொரு உருவத்துக்கு மண் பூசி வைத்திருந்தார்கள். காவிரி வண்டலை நைசாகக் கரைத்து முதல் பூச்சு, காய்ந்த பிறகு அடுத்தது. பிறகு சூளையில் காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதே அச்சில் இன்னொன்று வார்க்க வழியில்லை. முதுகில் விட்ட பிழை உலோகத்தில் அப்படியே நின்றுவிடும்.

அருமை நண்பர்களே, அந்தப் பெரியவர் சொன்னதை உங்கள் கதைக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கிழவி ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்த வார்த்தையைச் சரியாக்க ஒரு வாரம் உட்காருகிறீர்கள். படிக்கிறவர் யாரும் அதை எடுத்துச் சொல்லப் போவதில்லை. முடிவு நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். ஆனால் முடிவு நன்றாக வந்ததே அந்தக் கிழவியால்தான். இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கச்சேரிக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். துரித காலத்தில் ஸ்வரம் பொழிந்தால் அரங்கம் அதிரும். தனி ஆவர்த்தனத்தின் கோர்வை முடிந்தால் அரங்கம் அதிரும். அந்த வித்வான் விளம்ப காலத்தில், தாளத்துக்கு நடுவே அத்தனை இடைவெளி இருக்கும்போது, சுருதி இம்மியும் அசையாமல் நின்றாரே, அதற்கு யார் கைதட்டினார்கள்? உழைத்த இடம் ஒன்று, கைதட்டல் விழுந்த இடம் வேறொன்று. எந்தக் கலையிலும் இதுதான் நடக்கிறது. பாராட்டை நம்பி வேலை செய்கிறவன் மெல்ல மெல்லக் கைதட்டல் விழும் இடத்தை நோக்கி நகர்ந்துவிடுவான். துரித காலத்திலேயே பாடத் தொடங்கிவிடுவான். எது சுலபமாகப் பிடித்ததோ அதையே திருப்பித் திருப்பிச் செய்வான். பாராட்டு வராததால் உடைந்துபோன எழுத்தாளர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பாராட்டு வந்ததால் நின்றுபோன எழுத்தாளர்கள் அதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, அப்படியானால் வாசகர்களை வெறுக்க வேண்டுமா? யாருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டுமா? இல்லை நண்பர்களே, இல்லை. இந்த இடத்தில்தான் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சி.சு. செல்லப்பா. வத்தலக்குண்டுக்காரர். 1912இல் பிறந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், 'மணிக்கொடி' இதழில் எழுதியவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வார இதழ்கள் லட்சக் கணக்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் என்ன அறிவித்தார் தெரியுமா? 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிட மாட்டேன், கடையில் தொங்கவிட மாட்டேன், சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் அனுப்புவேன் என்றார். அந்த 2000 கூடச் சேரவில்லை. சேரவில்லை என்று பத்திரிகையை மாற்றினாரா? வண்ண அட்டை போட்டாரா? இல்லை. 119 இதழ்கள் கொண்டு வந்தார். 1970 வரைக்கும் இழுத்து வந்தார்.

அந்த 119 இதழ்களில் என்ன நடந்தது? தமிழில் புதுக்கவிதை எழுந்து நின்றது. கேலிக்கு நடுவே எழுந்து நின்றது. யாப்பு தெரியாதவர்களின் வேலை என்றார்கள், வசனத்தை உடைத்துப் போடுகிறார்கள் என்றார்கள். ந. பிச்சமூர்த்தி எழுதினார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் எழுதினார். சி. மணி எழுதினார். திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் கவிதை அனுப்பினான். அவன்தான் பிற்காலத்துப் பிரமிள். 1962இல் 24 கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்துப் 'புதுக்குரல்கள்' என்று செல்லப்பா புத்தகமாகப் போட்டார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். இதே மனிதர்தான் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்தவர். வகுப்பறை வாசலில் நின்றார். ஆசிரியர்களிடம் பேசினார், மாணவர்களிடம் பேசினார், ஒன்றும் இரண்டுமாக விற்றார். வாசகரைத் தேடி இவ்வளவு நடந்தவர் தமிழில் வேறு யார்? பாராட்டுக்காக ஒரு வரியையும் வளைக்காதவர், வாசகருக்காகக் கால் தேய நடந்தார். செய்கிற வேலையில் அடுத்தவர் விருப்பத்துக்கு இடமில்லை. செய்து முடித்த பிறகு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கூச்சமும் இல்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். எழுதும்போதே விற்கப் பார்க்கிறோம், எழுதி முடித்ததும் கௌரவம் பார்த்து ஒளிந்துகொள்கிறோம். செல்லப்பா இதற்கு நேர்மாறாக வாழ்ந்தார்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பாருங்கள். 1997. வயது எண்பத்தைந்து. 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகமாகத் தாமே வெளியிடுகிறார். இளமையில் பார்த்த போராட்டத்தை, பெயர் தெரியாமல் போன தொண்டர்களின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட வேண்டும் என்ற தாகம் அது. மறு ஆண்டு டிசம்பரில் காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இந்த இடத்தில் பல பேச்சாளர்கள் ஓர் ஆறுதல் சொல்வார்கள். கவலைப்படாதே, காலம் உன்னை அடையாளம் காணும், இறந்த பிறகாவது உலகம் கொண்டாடும் என்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். அது பாராட்டு ஆசைக்குத் தவணை கொடுக்கிற வேலை. இன்றைக்குக் கிடைக்காததை நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. காலம் எத்தனையோ பேரை அடையாளம் காணாமலே போயிருக்கிறது. திருவெண்காட்டுத் திருமேனியை வார்த்தவருக்கு ஆயிரம் ஆண்டாகியும் பெயர் வரவில்லை. அதனால் அந்தச் சடையில் ஒரு புரி குறைந்துவிட்டதா? செல்லப்பாவுக்கு விருது வந்தது நமக்குச் சந்தோஷம். அவர் அந்த நாவலை எழுதிய இரவுகளுக்கும் அந்த விருதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி ஆசைப்பட்டார். வெளிப்படையாக, பெரிதாக ஆசைப்பட்டார். 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போவதாகத் திட்டம் போடுகிறார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீடுதோறும் போய்ச் சேரும் என்று நம்புகிறார். திட்டம் நடக்கவில்லை. மறு வருடம் செப்டம்பரில் அவரே இல்லை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் அச்சானது. இரண்டாம் பாகத்தை அச்சில் அவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் அது எழுதி முடிக்கப்பட்டுக் காத்திருந்தது, இல்லையா? ஆசை இருக்கட்டும். ஆசை நிறைவேறாததற்காக இரண்டாம் பாகத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு வெளியே ஒருவர். சண்டிகரில் நேக் சந்த். பிரிவினைக்குப் பிறகு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சொந்த ஊரை விட்டு வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. கொர்புசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்ட புது நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். இடிபாட்டில் கிடந்த பீங்கான் துண்டு, உடைந்த வளையல், சைக்கிள் சட்டம், ஓடு, ஆற்றங்கரைக் கல் என்று எதைக் கண்டாலும் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் புதர் மண்டிய பள்ளம், அரசு நிலம், யாரும் எதுவும் கட்டக்கூடாத இடம். 1957 வாக்கில் தொடங்கினார். அலுவலகம் முடிந்ததும் அங்கே. இரும்புக் கம்பியை வளைப்பார், சிமெண்ட் பூசுவார், உடைந்த வளையலைப் பதித்து ஒரு பெண்ணுக்குச் சேலை செய்வார். ஒன்றல்ல, வரிசை வரிசையாகப் பெண்கள், குரங்குகள், வீரர்கள், யானைகள்.

பதினெட்டு ஆண்டுகள் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் இடித்துவிடுவார்கள். பார்வையாளர் வந்தால் பரிசு கிடைக்காது, தண்டனைதான் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் பதினெட்டு ஆண்டு தினமும் வேலை செய்திருக்கிறான்! எது அவனை இழுத்தது? இன்றைக்குச் செய்த பொம்மையின் தோள் சரியில்லை, நாளைக்குச் செய்யும் பொம்மையில் சரிசெய்ய வேண்டும். அந்தச் சுவர் அங்கே முடிந்தால் நன்றாயில்லை, இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். வேலையே வேலையைக் கூப்பிட்டது. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது ஏக்கர் கணக்கில் விரிந்திருந்தது. இடிக்க மனம் வரவில்லை. 1976இல் மக்களுக்குத் திறந்தார்கள். பிற்பாடு அதை ஊடறுத்துச் சாலை போடப் புல்டோசர் வந்தபோது ஊர் மக்களே திரண்டு நின்று மறித்தார்கள்.

நேக் சந்த் சம்பளத்துக்குச் சாலை போட்டார். செல்லப்பாவின் தோழர் ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்தினார். வயிற்றுப்பாட்டின் சுமையைக் கதையின் தலையில் ஏற்றவில்லை. கதை சம்பாதித்துத் தர வேண்டும் என்றால் கதை பயப்படும். பயந்த கதை எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும். பின்வரிசைப் பெற்றோர்களுக்கு இதைச் சற்று உரக்கச் சொல்கிறேன். உங்கள் மகள் எழுதட்டும், வேலைக்கும் போகட்டும். ஒன்றுக்காக இன்னொன்றைப் பிடுங்காதீர்கள்.

சீட்டு எழுதிய நண்பர்களே, அப்படியானால் நாளைக் காலையில் என்ன செய்வது? நான் பார்த்தவரையில் தளராமல் எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. நாளின் வேலையை, அடுத்து என்ன எழுத வேண்டும் என்று தெரிகிற இடத்தில் நிறுத்துவார்கள். வற்றும்வரை இறைக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும் 'நேற்று யார் என்ன சொன்னார்கள்' என்று மனம் போகாது. 'அந்தக் கிழவி இன்னும் வாசலில் நிற்கிறாளே' என்று போகும். எழுதியதை வாய்விட்டுப் படிப்பார்கள். எங்கே மூச்சு தட்டுகிறதோ அங்கே பிழை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, மெழுகு அந்தப் பெரியவருக்குச் சொன்ன மாதிரி வாக்கியம் உங்களுக்குச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் வேண்டும். 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லாத ஒரு நண்பர் வேண்டும். 'எழுத்து' பத்திரிகையில் அது இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். சண்டை வந்தது, மனத்தாங்கல் வந்தது, ஆனால் தமிழில் விமர்சனம் என்ற துறையே அதில் உரம் பெற்றது. நூறு பேர் தட்டிக் கொடுப்பதைவிட, ஆறாவது வரியில் இந்தச் சொல் எதற்கு என்று கேட்கும் ஒருவர் உங்களை எழுதவைப்பார். ஏனென்றால் அவர் பேசுவது உங்களைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி.

மௌனம் வலிக்காது என்று நான் சொல்லவில்லை. வலிக்கும். ஒரு வருடம் உழைத்த கதையை அச்சில் பார்த்துவிட்டு, சொந்த வீட்டில்கூட யாரும் புரட்டாமல் மேசையில் கிடப்பதைப் பார்ப்பது வலிக்கும். பெண்களுக்கு இன்னும் வலிக்கும். அடுப்படி வேலை முடிந்து, எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறவளுக்கு, அந்த ஒரு மணி நேரத்தையே யாரோ பிச்சை போட்டதுபோல நினைக்கும் வீட்டில், 'இது எதற்கு' என்ற கேள்வி வெளியிலிருந்தே வந்துகொண்டிருக்கும். அந்தச் சகோதரிகளிடம் நான் தைரியமாக இரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்கித் தருவது வீட்டில் இருக்கும் மற்றவர்களின் கடமை.

ஆகவே கடைசியாக நான் பேச வேண்டியது எழுதுகிறவர்களிடம் இல்லை, மற்ற எல்லோரிடமும். பாராட்டை எதிர்பார்க்காமல் இருப்பது எழுதுகிறவருடைய பொறுப்பு. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நாம் வாய்மூடி இருக்கலாமா? செல்லப்பா பாராட்டைக் கேட்கவில்லை என்பதற்காக 2000 பேர் சந்தா கட்டாமல் இருந்தது சரியா? அன்றைக்குத் தமிழ் படித்த இத்தனை பேரில் 2000 பேர்! அது அவருடைய தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாசலில் சிறுபத்திரிகைகளுக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதன் பின்னால் நிற்கும் பிள்ளைகளில் சிலர் தாங்களே எழுதி, தாங்களே அச்சுக்குக் கொடுத்து, தாங்களே சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். வெளியே போகும்போது ஒன்றை வாங்குங்கள். வாங்கியதைப் படியுங்கள். படித்துவிட்டு எந்தப் பக்கம் உங்களைப் பிடித்து நிறுத்தியது, எந்தப் பக்கத்தில் இடறினீர்கள் என்று அட்டையில் இருக்கும் முகவரிக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். சந்தாத் தொகை உள்ளட்டையில் இருக்கிறது.